ஐந்து பொத்தான் வைத்த ஜிபிஎஸ்

மலர்கொடிக்கு மைன்ஸில் சர்வே பிரிவில் வேலை. சுரங்கம் மாதாமாதம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று செயற்கைக்கோள் கருவியால் அளந்து, வரைபடத்தில் ஏற்றுவது அவள் பொறுப்பு. லீவு நாளென்றால் மோட்டார் சைக்கிள். நெய்வேலி டவுன்ஷிப்பில் வண்டிச் சத்தத்தை வைத்தே அவள் வருகிறாள் என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த வருடம் அவளும் சைமாவும் ஆளுக்கொரு வண்டியில் இமாசலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போவதென்று முடிவானது. சைமா பண்ருட்டிக்காரி, டவுன்ஷிப் பள்ளியில் கணக்கு டீச்சர். நாள் குறித்தாயிற்று, வழி குறித்தாயிற்று. வழிகாட்ட எந்தக் கருவி என்பதில்தான் பேச்சு இழுத்துக்கொண்டே போனது.

"போன் போதும்க்கா. அத பாத்துக்கினே போலாம். எதுக்குத் தனியா ஒண்ணு?"

"வெயில்ல சூடேறி அணைஞ்சிடும் சைமா. மழைத்துளி பட்டா திரையில மேப் அதுவா எங்கயோ ஓடும். வண்டி ஆட்டத்துல கேமராவும் போயிடும். அப்புறம் வூட்டுக்கு எதுல பேசுவ?"

அவர்களுடைய பைக் கிளப்பில் குமரவேல் என்றொருவன், மைன்ஸில் எலக்ட்ரீஷியன். உள்ளங்கை அகலத் தொடுதிரையுள்ள ஜிபிஎஸ் ஒன்றை வண்டியில் மாட்டியிருந்தான். மலர்கொடி சென்னை டீலரிடம் பேசி, ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வேறொரு கருவி வாங்கி வந்திருந்தாள். திரை சின்னது. அதன் கீழே ஐந்து பொத்தான்.

"என்ன மேடம் இது, பழைய பட்டன் போன் மாதிரி?" என்று குமரவேல் சிரித்தான்.

"ஞாயித்துக்கிழமை மூணையும் ஓட்டிப் பாத்துடுவோம், வா."

ஞாயிறு பதினோரு மணி வெயிலில் மூன்று வண்டிகள் கிளம்பின. கம்மாபுரம் வருவதற்குள் சைமாவின் போன் சூடாகி அணைந்துவிட்டது. அதற்கப்புறம் குமரவேலின் கருவி சொன்ன வழியில் போனார்கள். வயல்களைத் தாண்டியதும் ரோடு நின்றது. குறுக்கே சுரங்கத்து மண்மேடு. குமரவேலின் கருவி மட்டும் "நேராகச் செல்லவும்" என்றது.

"சேட்டிலைட்டே தப்பா காட்டுது பாருங்க மேடம்."

"சேட்டிலைட் சரியாத்தான் காட்டுது. நாம நிக்கிறது இங்கதான். மேப்புல ரோட்டை வரைஞ்சவங்கதான் மாத்தல. இந்த ரோடு போன வருஷம் மைன்ஸுக்குள்ள போயிடுச்சு. அளந்ததே நான்தான்."

அந்தப் பக்கம் சிலருக்கு நிலத்தோடு ரோடும் போயிருந்தது. அதனால் அதைச் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்தது.

அவளுடைய கருவியிலும் அதே பழைய ரோடுதான் இருந்தது. ஆனால் வந்த வழி மெல்லிய கோடாகப் பதிவாகியிருந்தது. கையுறையைக் கழற்றாமலே இரண்டு பொத்தானை அழுத்தினாள். அந்தக் கோடு அவர்களைத் திருப்பிக் கூட்டிப் போகத் தயாராகிவிட்டது. பாட்டில் தண்ணீரை இரண்டு கருவிமேலும் ஊற்றச் சொன்னாள். குமரவேலின் திரையில் வரைபடம் தானாகக் குதித்தது. பொத்தான் கருவி அசையவில்லை.

"இதான் நமக்கு" என்றாள் மலர்கொடி.

"பாக்க ஒண்ணுமே இல்லையே மேடம்."

"பாக்குறதுக்குத்தான் மலை இருக்கே."

செப்டம்பர் மூன்றாம் வாரம். ஸ்பிதியின் லோசர் கிராமத்தில் இருவரும் டீ குடித்துவிட்டுக் குன்சும் கணவாய்க்கு ஏறினார்கள். பாதி வழியில் பனி கொட்ட ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் பாதை எது, பள்ளம் எது என்று தெரியாமல் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. வளைவில் ஆறு வண்டிகள் நின்றிருந்தன. பெங்களூர்ப் பையன்கள். ஒருவன் கையுறையைக் கழற்றி, நனைந்த போனைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சைமா மலர்கொடியின் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, முன்னாடி போக வாணாம்க்கா."

"போகல. வந்த வழியே இறங்குறோம்."

அவள் பொத்தானை அழுத்தினாள். காலையில் ஏறிய கோடு திரையில் வந்தது. பையன்களிடம் தனக்குத் தெரிந்த இந்தியில், என் பின்னால் வாருங்கள், முன்னால் போகிறவரின் சக்கரத் தடத்தை விட்டு விலகாதீர்கள் என்றாள். முதல் கியரில், இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி இறங்கினாள். கோடு வளைகிற இடத்துக்கு முன்பே கையைத் தூக்கிக் காட்டினாள். ஒரு வளைவில் கண்ணுக்கு நேராகப் பாதை போலத்தான் இருந்தது. கோடு இடப்பக்கம் திரும்பியது. கண்ணை நம்பாமல் கோட்டை நம்பினாள். திரும்பிய பிறகுதான் பாதை போலத் தெரிந்த பக்கம் ஆழத்தில் ஆறு ஓடுவது கேட்டது.

பதினொரு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆனது. லோசரின் கல்வீடுகள் தெரிந்தபோது எட்டு வண்டியும் முன்னும் பின்னுமாக முழுசாக வந்து சேர்ந்திருந்தன.

பையன்களில் மூத்தவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வந்தான். தமிழ் தெரிந்தவன். "மேடம், இவ்ளோ தைரியமா எப்படி இறங்குனீங்க? எந்த ஊர் நீங்க?"

"நெய்வேலி. மைன்ஸ்ல சர்வேயர்" என்றாள் மலர்கொடி. குளிரில் உதடு மரத்திருந்தாலும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தித் தெளிவாகச் சொன்னாள். பதினெட்டு வருட சர்வீஸில் தன் வேலையை இத்தனை சந்தோஷமாக யாரிடமும் சொன்னதில்லை என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் வானம் தெளிந்திருந்தது. பாதையைச் சுத்தம் செய்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மலர்கொடி தன் வண்டியிலிருந்து கருவியைக் கழற்றிச் சைமாவின் வண்டியில் மாட்டினாள்.

"என்னக்கா?"

"இன்னைக்கு நீ முன்னாடி போ."

சைமா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். மற்ற ஏழு வண்டிகளுக்கும் முன்னால், முதுகை நிமிர்த்திக்கொண்டு கணவாய்க்கு ஏறினாள்.