ப்ரவுசருக்கு மட்டும் சத்தம் இல்லை

எனக்குக் கோபம் வந்தால் கையில் எதுவும் இருக்கக் கூடாது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் இது தெரியும். அன்று காலை கையில் ஹெட்போன் இருந்தது. எறிந்தேன். நல்ல வேளை, கட்டில் மேல் போய் விழுந்தது.

பின்னே என்ன? ஜெர்மனிக்கு நர்ஸ் எடுக்கிறவர்கள் வைக்கும் தேர்வு, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதுவது. ஜெர்மன் மொழியில் பேசுவார்கள், கேட்டுப் பதில் குறிக்க வேண்டும். இன்று விட்டால் விட்டதுதான். இதற்காக நைட் டியூட்டி முடித்து வந்து, தூக்கத்தை விட்டுப் படித்திருக்கிறேன். தேர்வுக்கு முன்னால் சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் வரும். அதில் ஒரு பெண் வாயை வாயை அசைக்கிறாள். ஒரு சொல் கேட்கவில்லை!

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ். ஓசூரில் வேலை பார்க்கும் என் தம்பி அமலன் போட்டுக் கொடுத்தது. வைரஸ் வராது என்றான். சத்தமும் வராது என்று அவன் சொல்லவில்லை.

ப்ரவுசரில் சத்தத்தைக் கூட்ட ஒரு ப்ளகின் வைத்திருந்தேன். அந்தச் சனியன்தான் காலை வாரிவிட்டது என்று நினைத்து, அளவைக் கடைசி வரைக்கும் தள்ளினேன். எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். ம்ஹூம். கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்த மாதா பாட்டு ஒன்றைத் தட்டினேன். காது கிழியப் பாடியது. அப்படியென்றால் ஹெட்போனில் கோளாறு இல்லை. ப்ரவுசர் வாயில் மட்டும் என்ன கொழுக்கட்டையா?

என் வீட்டுக்காரர் அந்தோணி பிரகாஷ் கதவோரம் டீ குடித்துக்கொண்டு நின்றார். பாப்பிரெட்டிப்பட்டி கடைவீதியில் உரக்கடை வைத்திருக்கிறார். அன்று கடையைத் திறக்கவில்லை. எனக்குத் துணையாக நிற்கிறார் என்று நினைத்தேன், பைத்தியக்காரி.

"வுடு ராணி. நமக்குக் குடுத்து வெக்கல. அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம்னா எப்பங்க? நின்னு பராக்கு பாக்கறதுக்குக் கடைக்காவது போங்க!"

அமலனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். கத்தினேன்.

"அக்கா, கத்தாத. அதுல ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனியா வால்யூம் இருக்கு. ப்ரவுசர மட்டும் யாராச்சும் கொறச்சு வெச்சா, அப்படியே ஞாபகம் வெச்சுக்கும். ப்ளகின்ல எவ்ளோ கூட்டுனாலும் வராது."

"அது எங்கடா இருக்குது?"

"மாமாவக் கேளு. தவக்காலத்துல நாந்தான் அவருக்குச் சொல்லிக் குடுத்தேன்."

ஈஸ்டருக்கு முன் வரும் நாற்பது நாள் தவக்காலம் முழுக்க வீட்டில் சினிமாப் பாட்டு கேட்கக் கூடாது என்பது இவர் வைத்துக்கொண்ட ஒறுத்தல். ப்ரவுசரை ஊமையாக்கிவிட்டு, சேர்த்து வைத்திருக்கும் சிலுவைப்பாதைப் பாட்டுகளை மட்டும் போடுவார். அந்த நாட்களில் நான் போனில்தான் படித்தேன். அவர் எந்த இடத்தில் கை வைத்தார் என்று நான் கேட்டதே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அட, ஆமா. தவக்காலத்துல வெச்சது. மறந்தே போயிட்டேன்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"ஈஸ்டரு போயி ஒரு மாசம் ஆச்சுங்க! பூசை முடிஞ்சு வந்த கையோட நீங்களேதான் இதுல சினிமாப் பாட்டு போட்டீங்க. நேத்து சாயங்காலம் இதே ப்ரவுசர்லதான் மாதிரித் தேர்வு எழுதுனேன். பக்கத்துல குந்திக்கினு கடலக்கா தின்னீங்களே, அப்ப எப்படிக் கேட்டுச்சு?"

போனில் அமலன், "நா அப்பறம் பேசறன் அக்கா" என்று வைத்துவிட்டான்.

"வாங்க. நீங்களே எடுங்க."

வந்தார். எங்கும் தேடவில்லை. கை நேராக அந்த இடத்துக்குப் போனது. ப்ரவுசர் பெயருக்கு எதிரே இருந்த கோடு அடிமட்டத்தில் கிடந்தது. மேலே இழுத்தார். நான் கழற்றி வைத்திருந்த ஹெட்போனில் அந்தப் பெண்ணின் குரல் கணீரென்று கேட்டது.

"நீ போயிட்டா நா மட்டும் இந்த வூட்ல என்ன பண்றது?" என்றார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது.

"அத வாயத் தொறந்து கேட்டிருக்கலாமில்ல? சண்ட போட்டிருப்பேன், அழுதிருப்பேன். ஒருவேள போவாமக்கூட நின்னிருப்பேன். திருட்டுத்தனமா வந்து என் காத அடச்சீங்களே! அதுவும் தவக்காலத்துக்குன்னு கத்துக்கிட்ட வித்தைய வெச்சு!"

திரையில் தேர்வு தொடங்கும் முன் கடைசிக் கட்டம் வந்திருந்தது. அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்று உறுதி சொல்ல வேண்டும்.

"வெளிய போங்க" என்றேன்.

போனார். எழுந்து தாழ்ப்பாள் போட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரும் இல்லை என்று குறித்தேன்.