இன்னாசியின் பெட்டி எழும்பாத நாள்

இறந்து இருபத்தாறு மணி நேரம் கழித்து, பூசை முடிந்த கையோடு, இன்னாசியின் சவப்பெட்டி கோவில் தரையை விட்டு எழும்ப மறுத்தது. கடைசியாக எடை பார்த்தபோது அவர் நாற்பத்தொரு கிலோ. ஆறு பேர் தூக்கிப் பார்த்தார்கள், பிறகு பன்னிரண்டு பேர். வாசலில் டிராக்டரை நிறுத்திக் கயிறு கட்டி இழுத்ததில் கயிறு அறுந்தது. பெட்டி ஒரு விரற்கடை தரைக்குள் பதிந்தது. மரம் ஈரம் குடித்திருக்கும் என்றார் தச்சர். ஆவூர்ப் பக்கத்தில் அந்த வருடம் மழையே இல்லை.

காரணம் மகன் பால்ராஜுக்கு மட்டும் தெரியும். ஆட்டோ ஓட்டுகிறவன். புயலில் கூரை பறந்தபோது, இனி ஒட்டடை அடிக்கிற வேலை மிச்சம் என்று சொன்னவன். அழத் தெரியாததால் சிரிக்க வைக்கிறான் என்பது அவன் மனைவிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. இரண்டு வருடமாக வாரம் இரண்டு முறை அப்பாவை டயாலிசிஸுக்குப் புதுக்கோட்டைக்கு ஏற்றிப் போனான். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வழியில் தெருக்குழாயைப் பார்த்து அப்பா சப்புக்கொட்டும்போதெல்லாம் அவன் ஒரு வேடிக்கை சொல்வான். காய்ந்த உதடு வெடிக்க அவர் சிரிப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர், "இன்னைக்குக் கதை வேணாம்ப்பா, ரொம்பத் தவிக்குது" என்றார். ஆட்டோவுக்குள் இருந்த அமைதியை அவனால் தாங்க முடியவில்லை.

"நீங்க செத்து மோட்சத்துக்குப் போறீங்க. வாசல்ல இராயப்பர் சாவியும் சொம்புத் தண்ணியுமா நிக்கிறாரு. இதைக் குடிச்சுட்டு உள்ள வா இன்னாசிங்கிறாரு. நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா?"

கண்ணாடியில் பார்த்தான். தலை சாய்ந்திருந்தது.

அக்கா ஞானசெல்வியிடம், ஜெபம் சொல்லிக்கொண்டே போய்விட்டார் என்று சொன்னான். அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் அன்று எழுந்து நடமாடினாள். ஃபாதர் பிரசங்கத்திலும் அதையே சொன்னார். பால்ராஜுக்குக் காது மடல் எரிந்தது.

டிராக்டர் தோற்றபின் அவன் இன்னும் மூடாத பெட்டியருகே மண்டியிட்டான். "அக்கா, அப்பா ஜெபம் சொல்லல. தாகத்துல கெடந்த மனுசன்கிட்ட, வேணாம்னு சொல்லியும், அவரு சாவை வச்சே நான் கதை சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்று எல்லாவற்றையும் சொன்னான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு குனிந்து அப்பாவின் காதில் மிச்சத்தைச் சொன்னான்: "டாக்டரைக் கேட்டுட்டு வாரேன் சாமின்னு திரும்பி நடந்துட்டீங்கப்பா."

இன்னாசி சிரித்தார். தோள் குலுங்கியதில் மார்மேல் இருந்த செபமாலை பக்கவாட்டில் நழுவியது. அதைச் சரிசெய்து மூடியை அறைந்தார்கள். இரண்டே பேர் தூக்கினார்கள். பெட்டி பனையோலைக் கூடை கனம்தான் இருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பும்போது ஞானசெல்வி, "ஒனக்கு வெக்கமா இல்லையாடா?" என்று கேட்டாள்.

"இருக்குக்கா."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. முப்பதாம் நாள் பூசைவரை அவனோடு பேசவில்லை. பிறகு பேசினாள்.

அதிலிருந்து அந்த ஊரில் பெட்டியைத் தூக்கும் முன் கோவில் உபதேசியார், "பாதியில விட்ட பேச்சு யாருக்காச்சும் இருக்கா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அப்போதெல்லாம் பால்ராஜ் கடைசி வரிசையில் தலை குனிந்துகொள்வான். போன மாதம் பொற்கொடி எழுந்துபோய், பெட்டியில் கிடந்த புருஷன் காதில், "நீங்க மெச்சுன மீன் கொழம்பு நான் வச்சதில்லீங்க, கடையில வாங்குனது" என்றாள். கொஞ்ச நேரம் பொறுத்து, தூக்கிக்கொண்டு போனார்கள்.