மூன்று மீட்டர்

ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், தரையில் ஒட்ட இரண்டு துண்டு டேப். வயதான ஒருவர் தடுக்கி விழக்கூடியவரா இல்லையா என்று முன்கூட்டியே சொல்ல இவ்வளவுதான் வேண்டும் என்று மணிமொழி மேடம் வகுப்பில் சொன்னபோது, சிந்துஜாவுக்கு நம்பவே முடியவில்லை. ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. உட்கார்ந்திருப்பவரை எழச் சொல்ல வேண்டும். மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் கோடு வரை நடந்து, திரும்பி வந்து, மறுபடி உட்காரச் சொல்ல வேண்டும். அதற்கு எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் சில நொடிகளுக்குள் ஒரு உடம்பு முழுவதும் வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது. எழும்போது தொடைச் சதையின் பலம் தெரியும். நடக்கும்போது முழங்காலும் பாதமும் தெரியும். கோட்டில் திரும்புகிறாரே, அதுதான் கஷ்டமான இடம். கண் சொல்வதும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வதும் கால் செய்வதும் ஒன்றாக இல்லையென்றால் அங்கே தள்ளாடும். கடைசியில் உட்காரும்போது, பின்னால் இருக்கும் நாற்காலியைப் பார்க்காமலே நம்பி இறங்க வேண்டும். பதினான்கு நொடிக்குள் முடித்தால் பயமில்லை. தாண்டினால் ஆபத்து. ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு: ‘போங்க’ என்று சொல்லிவிட்டால் அவர் மறுபடி உட்காரும்வரை கடிகாரத்தை நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றாலும், பேசினாலும், அதுவும் கணக்கில் சேரும்.

சிந்துஜா கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவி. ‘முதுமையும் நலமும்’ என்ற பாடத்துக்கு நாற்பது மணி நேரம் ஏதாவது முதியோர் இல்லத்தில் சேவை செய்து, ஓர் ஆய்வறிக்கையும் கொடுக்க வேண்டும். அவளுக்குக் கிடைத்தது செங்கம் சாலையிலிருந்து உள்ளே போகும் தெருவில் இருந்த நல்நிழல் இல்லம். பெண்களுக்கு மட்டும். முப்பத்தொரு பேர்.

முதல் நாளே அவளிடம் வாயைக் கொடுத்தவள் தனம். எழுபத்து மூன்று வயது.

“ஆயா, உங்க பேரு இன்னா?” என்று கேட்டதற்கு, “ஆயாவா? நான் இன்னா உன் ஸ்கூல்ல சோறா ஆக்கிப் போட்டேன்? தனம்னு பேரு வெச்சிருக்காங்க, அத்த சொல்லு” என்றாள்.

“சரிங்க தனம்மா.”

“இப்ப கேளு, இன்னா கேக்கணுமோ.”

தனமும் அவள் கணவர் சுப்பனும் பஸ் ஸ்டாண்டு அருகே முப்பது வருஷம் கரும்பு ஜூஸ் வண்டி வைத்திருந்தார்கள். அவர் சக்கரம் சுற்றுவார், இவள் கரும்பைச் செருகுவாள். பிள்ளை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் சுப்பனுக்குப் பக்கவாதம் வந்தது. சக்கரம் சுற்றிய கையும் பேச்சும் போய்விட்டன. தூக்கி உட்காரவைக்கத் தனத்தால் முடியவில்லை. அவரை மூன்று தெரு தள்ளி இருந்த ஆண்கள் இல்லத்தில் சேர்த்தார்கள்; இவளை இங்கே.

தினமும் நாலு மணிக்குத் தனம் பிளாஸ்கில் டீயை ஊற்றிக்கொண்டு கிளம்புவாள். கேட்டில் இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆட்டோவுக்கும் ஸ்கூட்டரில் பறக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் ஒதுங்கி, மூன்று தெரு நடந்து போய், ஐந்தரைக்குத் திரும்புவாள்.

“அங்க டீ குடுக்க மாட்டாங்களா?” என்று சிந்துஜா கேட்டாள்.

“குடுப்பாங்க. டம்ளர் கழுவின தண்ணி. என் கையால குடுத்தாத்தான் அந்தாளு வாயத் தொறப்பாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தான். திமிரு.” சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூலை கடைசியில் சிந்துஜா சோதனையைத் தொடங்கினாள். இல்லத்தின் நீண்ட வராந்தாதான் சமதளமாக இருந்தது. தெற்குக் கோடியில் நாற்காலியைப் போட்டாள். அங்கிருந்து மூன்று மீட்டரை இரண்டு முறை அளந்து, மண்டியிட்டு டேப்பை ஒட்டினாள். நிமிர்ந்தபோது எதிரே மலை நின்றது. டேப் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டாள். பிறகு போனில் வீடியோவை ஓடவிட்டு, ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்தாள்.

முப்பத்தொரு பேரையும் இரண்டு நாளில் முடித்தாள். ஒரு நொடி கூட்டவில்லை, குறைக்கவில்லை. தனத்துக்குப் பதினேழு நொடி. மொத்தத்தில் இருபத்து நான்கு பேர் பதினான்கைத் தாண்டியிருந்தார்கள். புத்தகத்தில் இருந்ததைவிட இது மிகவும் ஜாஸ்தி. ஏதோ பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவளுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அறிக்கையின் ஒரு பிரதியை இல்லத்தின் வார்டன் கீதாஞ்சலி கேட்டு வாங்கிக்கொண்டாள். போன மாதம்தான் வேறோர் இல்லத்துப் பெரியவர் ரோட்டில் விழுந்து இடுப்பு உடைந்து, உறவுக்காரர்கள் வந்து சத்தம் போட்டிருந்தார்கள். இவர்களுடைய நிர்வாகமும் பயந்துபோயிருந்தது. கல்லூரி முத்திரையோடு ஒரு பட்டியல் கையில் கிடைத்தால் விடுவார்களா? மறுவாரமே கேட் நோட்டில் இருபத்து நான்கு பெயர்களுக்கு எதிரே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். சிவப்பு என்றால் துணை இல்லாமல் வெளியே போகக் கூடாது. துணைக்கு யார்? வேலைக்கு இருந்தது இரண்டே பெண்கள். சேவைக்கு வரும் மாணவிகள் யாரையும் வெளியே அழைத்துப்போகக் கூடாது என்பது கல்லூரியின் விதி.

அடுத்த முறை சிந்துஜா போனபோது தனம் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

“வாம்மா டாக்டரம்மா. இன்னா எழுதின நீ?”

“நான் அளந்தத எழுதினேன், தனம்மா.”

“நான் வியுந்துடுவேன்னு எழுதினியா? எழுபத்து மூணு வருசத்துல ஒரு தபா வியுந்திருப்பனா? கரும்புச் சக்கையில வழுக்கி வியுந்தது அந்தாளு, நான் இல்ல.”

“வார்டன் மேடம் போன் போட்டுத் தரலியா?”

“தந்தாங்க. அவருக்குத்தான் பேச்சு இல்லியே. காதுல வெச்சா மூச்சு மட்டும் கேக்குது. மூச்சுக்கு நான் இன்னான்னு பதில் சொல்றது?”



மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போது, கல்லூரியில் நடக்கவிருந்த கருத்தரங்கில் காட்டுவதற்காகச் சோதனை வீடியோக்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நல்ல நடை, நல்ல நடை, கோட்டுக்கு வந்ததும் ஒரு நிறுத்தம். அடுத்தவரும் அப்படியே. அதற்கு அடுத்தவரும். ஏன் எல்லோரும் கோட்டில் நிற்கிறார்கள்? திரும்புவதற்குப் பயமா? பஸ் வளைவு திரும்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மாள் சட்டென்று கூடையை விட்டுவிட்டு இரண்டு கையையும் குவித்தாள். முன் சீட்டில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மலை தெரிந்திருந்தது. சிந்துஜாவின் வலது கையும் தானாக எழுந்தது. அதிலிருந்த போனும் கூடவே எழுந்தது.

அவள் போனைக் கீழே இறக்கினாள். பிறகு தனத்தின் வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். தனம் ஒரே மூச்சில் எழுந்து, விறுவிறுவென்று கோடு வரை வந்து, மலையைப் பார்த்து நின்று, கை குவித்து, கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்து, கன்னத்தைத் தொட்டுக்கொண்டு, அதன் பிறகே திரும்பினாள். கும்பிடு மட்டும் ஆறு நொடி. கழித்தால் பதினொன்று.

இதில் ஒளிந்திருந்தது ஒன்றுமில்லை. அவள் கண்ணுக்கு எதிரேதான் நடந்தது, அதுவும் முப்பது தடவைக்கு மேல். வேறு ஊரிலிருந்து வந்தவளாக இருந்தால் முதல் ஆளிலேயே “ஏன் நிக்கிறீங்க?” என்று கேட்டிருப்பாள். இந்த மண்ணில் பிறந்தவளுக்கு அது நிற்பதாகவே தெரியவில்லை. இங்கே மலையே சாமி; பார்த்ததும் கும்பிடுவது மூச்சு விடுவது மாதிரி. மூச்சை யார் குறித்து வைக்கிறார்கள்? நாற்காலியை மட்டும் எதிர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தால் போதும்.

மணிமொழி மேடம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். வீடியோவையும் பார்த்தார்.

“நல்லா கவனிச்சிருக்க. ஆனா நீ தப்பு எதுவும் பண்ணல. வாட்சை நிறுத்தக் கூடாதுன்னு நான்தானே சொன்னேன்?”

“கேட்ல ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க, மேடம். கல்லூரியிலேர்ந்து ஒரு லெட்டர் குடுத்தா எடுத்துடுவாங்க.”

“லெட்டர் குடுத்தா அறிக்கையே தப்புன்னு ஆயிடும். முப்பத்தொரு பேரையும் திரும்ப எடுக்கணும், நாப்பது மணி நேரமும் திரும்பப் போடணும். பத்து நாள்ல கருத்தரங்கு இருக்கு. இன்டர்னல் மார்க் போற வரைக்கும் பொறு. அப்புறம் நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நாலு நாள் வெளிய போகலன்னா அவங்களுக்கு இன்னா ஆயிடப்போவுது?”

சிந்துஜா பொறுத்தாள்.

கருத்தரங்கில் வண்ணப் படங்களோடு பேசினாள். பேசி முடித்ததும் வேலூரிலிருந்து வந்திருந்த மருத்துவர் ஒருவர் கேட்டார்: “இருபத்து நாலு பேர்ங்கறது ரொம்ப ஜாஸ்தியா இருக்குதேம்மா. காரணம் இன்னான்னு நினைக்கிற?” மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது. முன் வரிசையில் மேடம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியம் போதும். கும்பிட்டாங்க சார் என்றால் அரங்கமே சிரித்திருக்கும், விஷயமும் அன்றோடு முடிந்திருக்கும்.

“சத்துக் குறைவும், நடமாட்டம் இல்லாததும்தான் சார்” என்றாள் சிந்துஜா.

முதல் பரிசாகக் கேடயம் கொடுத்தார்கள். சேவை நேரம் முடிந்துவிட்டதால் இல்லத்துக்குப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. அவள் போகவில்லை.

மதிப்பெண் பட்டியல் கையெழுத்தாகிப் போக ஐந்து வாரம் ஆனது. மேடம் சொன்ன சொல் தவறவில்லை, கடிதம் கொடுத்தார். ‘சோதனைச் சூழலில் ஏற்பட்ட சிறு மாறுபாடு காரணமாக, விரும்பினால் மறு அளவீடு செய்துகொள்ளலாம்.’ அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சிந்துஜா ஓட்டமாக இல்லத்துக்கு வந்தாள்.

கீதாஞ்சலி படித்துவிட்டு, “இப்பவே எடு. என் கண் எதிர்ல எடு. சரியா இருந்தா ஸ்டிக்கரை நானே கிழிக்கிறேன். எனக்கு மட்டும் ஆசையாம்மா?” என்றாள். “மொதல்ல தனத்தக் கூப்பிடலாம். அதுதான் படுத்த படுக்கையாக் கெடக்குது.”

சிந்துஜா நாற்காலியை வடக்குக் கோடியில் போட்டாள். மலை முதுகுக்குப் பின்னால் போயிற்று. புதிய டேப்பை ஒட்டினாள். வேலைக்காரப் பெண் தனத்தைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள்.

அப்போதே சிந்துஜாவுக்குத் தெரிந்துவிட்டது. பாடப் புத்தகத்தில் ஆறாவது அத்தியாயம் அது. இளவயதுக்காரர் ஒரு மாதம் படுத்து எழுந்தால் இழந்த சதையை ஓடி ஆடிப் பிடித்துக்கொள்வார். வயதானவருக்கு அப்படி இல்லை. நடக்காத தொடை நாளுக்கு நாள் கரையும்; அதிலும் சரியாகச் சாப்பிடாமல் படுத்திருந்தால் பத்தே நாளில் வற்றிப்போகும். போனது திரும்பி வர மாதக்கணக்காகும், சிலருக்கு வராமலே போகும். தனத்தின் தினசரி மூன்று தெருவும் திரும்பும் மூன்று தெருவும்தான் அவள் கால்களைக் காலாக வைத்திருந்தன. சுப்பனுக்காக நடக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“போங்க, தனம்மா.”

முதல் முறை பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது முறை கைப்பிடியை அழுத்தி எழுந்தாள். சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே வந்தாள். கோட்டில் கும்பிட எதுவும் இல்லை. தெற்குப் பக்கம் சுவரில் ஒரு காலண்டர் மட்டும் தொங்கியது. திரும்பினாள், தள்ளாடினாள், மலைப் பக்கம் நிமிராமல் தரையைப் பார்த்தே வந்தாள், நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள்.

கீதாஞ்சலி எட்டிப் பார்த்தாள். “எவ்ளோ?”

“பத்தொம்பது.”

“போன தடவையவிட ஜாஸ்தி. அப்ப அறிக்கை சரிதானேம்மா?” என்றாள் வார்டன். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டாள். சிவப்பு ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

தனம் மூச்சு வாங்கினாள். “மொதல்ல எத்தினி?”

“பதினேழு, தனம்மா.”

“அப்ப சாமி கும்பிட்டேன். இப்ப அதுகூட இல்ல.” தன் கால்களைக் கையால் தடவினாள். “நீ எழுதினதுக்குத் தக்கன ஆயிட்டேன் போ.”

சிந்துஜா ஸ்டாப்வாட்சைக் கீழே வைத்தாள். “பிளாஸ்க் எங்க? டீ ஊத்திக் குடுங்க, நான் எடுத்துக்கினு போய்க் குடுக்கறேன்” என்றாள். ஆளைத்தான் அழைத்துப்போகக் கூடாது. டீயை எடுத்துப்போக விதி எதுவும் இல்லை.

மூன்று தெருவையும் நடந்தாள். ஆண்கள் இல்லத்தின் கேட்டருகே சக்கர நாற்காலியில் சுப்பன் உட்கார்ந்திருந்தார். தினமும் நாலு மணிக்குத் தள்ளிக்கொண்டு வந்து அங்கே விடாவிட்டால் கத்துகிறார் என்று காவலாளி சொன்னார். சிந்துஜா மூடியில் டீயை ஊற்றி அவர் உதட்டருகே கொண்டுபோனாள். வாயை இறுக மூடிக்கொண்டார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. அவள் தோளைத் தாண்டி, அவள் வந்த தெருவைப் பார்த்தார். பின்னால் மெதுவாக யாரோ வந்துகொண்டிருப்பது போல, ஐந்து மணி வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்தபோது தனம் வராந்தா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்கை வாங்கியவள் திறந்து பார்க்கவில்லை. கையில் தூக்கிப் பார்த்தாள். கனமாக இருந்தது.

“இத்தையும் எழுதிக்க” என்றாள்.