புது சீட் பெல்ட்

அக்காவுக்குத் திங்கட்கிழமை முதல் ஆஸ்பத்திரியில் விடியற்காலை ஷிஃப்ட். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. கார் கிடைத்தால் அந்த வேலை அவளுக்கு, இல்லையென்றால் வேறு யாருக்கோ.

எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் மாலை வகுப்பு இடைவேளைகளில், பழைய கார் வாங்குகிறவர்களுக்கான ஒரு ஃபோரத்தைப் படித்தேன். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒருவர் எழுதியிருந்தார். முதலில் தரைவிரிப்பைத் தூக்கி முகர வேண்டும். அப்புறம் ஸ்டெப்னிக்கு அடியில் துரு, ஹெட்லைட்டுக்குள் ஈரம். கடைசியாக சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துச் சேற்றுக் கறை தேட வேண்டும். ஏகப்பட்ட பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். எனக்கும் தைரியம் வந்தது.

காரை விற்பவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கடைக்குப் பின்னால் வண்டி பளபளவென்று நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தரைவிரிப்பைத் தூக்கினார்.

"மோந்து பாருங்க தம்பி. ஏதாவது வாடை வருதா?"

வரவில்லை. அடுத்து ஸ்டெப்னியை எடுத்துக் காட்டினார். பிறகு ஹெட்லைட். எனக்குள் ஏதோ உறுத்தியது. அதே வரிசை.

"பெல்ட்டையும் இழுத்துப் பாருங்க" என்றார்.

அக்கா என் காதருகே வந்தாள். "மனுஷன் எல்லாத்தையும் திறந்து காட்டறார். நீ ஏன்டா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

"நான் எதையுமே கேக்கலையேக்கா. கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்றாரே."

"உனக்கு உன் சந்தேகத்து மேலயே சந்தேகம் வரும். தள்ளு."

அதுவும் உண்மைதான். அவரும் அதே ஃபோரத்தைப் படித்திருக்கலாம், எங்கள் சிரமத்தைக் குறைக்க நினைத்திருக்கலாம். பெல்ட்டை இழுத்தேன். கறை இல்லை, துளி அழுக்குகூட இல்லை. ஸ்டீயரிங் உரிந்திருந்தது, சீட் துணி வெளுத்திருந்தது. ஐந்து பெல்ட்டுகளும் மட்டும் புது விறைப்போடு இருந்தன.

"பெல்ட்டெல்லாம் எப்ப சார் மாத்தினீங்க?"

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "அதுவா… நாய் கடிச்சிடுச்சு."

"அஞ்சையுமா?"

"பொல்லாத நாய் தம்பி."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்தபடியே பின் சீட்டைத் தடவினாள். சிரிப்பு நின்றது.

"நாசூக்கான நாயும்கூட. சீட்டுல ஒரு பல் படலையே சார்." அவர் தந்திருந்த சாவியை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, அதே ஷிஃப்டில் வேலை பார்க்கும் ஒருத்தியிடம் தன்னையும் காரில் ஏற்றிக்கொள்ளச் சொல்லி ஃபோனில் கெஞ்சினாள். அந்தப் பெண் ஒரு வாரத்துக்குச் சம்மதித்தாள்.

'பெல்ட் புதிதாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்' என்று ஃபோரத்தில் எழுத ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன். அந்தக் கடைக்காரரும் படிப்பாரே? அடுத்த தடவை பழைய பெல்ட்டாகத் தேடி மாட்டினால்?

"போடுடா. வாங்கறவனும்தானே படிக்கிறான்" என்றாள் அக்கா.

போட்டேன். முதல் நன்றி உடனே வந்தது. அன்றைக்குத்தான் சேர்ந்த ஒருவர். 'ரொம்ப உபயோகமான தகவல். வேற எதையெல்லாம் பார்ப்பீங்க?'

நான் பதில் எழுதவில்லை.