வாறன் எண்டு சொன்ன குற்றம்

"உங்கள் பெயர் இல்லை" என்றாள் ஃப்ராவ் ஒனென். தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

ஜூலியன் இரண்டு கையையும் கவுண்டரில் ஊன்றிக்கொண்டு நின்றான். கவுண்டர் என்றதும் பெரிய விமான நிலையம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனியின் வட கடலில் கிடக்கிற துண்டுத் தீவு, புல்லுக்கு நடுவே ஓர் ஓடுபாதை, அதன் கரையில் ஒரு மரக் கொட்டில். கொட்டிலுக்குள் ஒரு மேசை, ஆட்களையும் பெட்டிகளையும் நிறுக்கிற ஒரு தராசு, பெயர் பதிகிற அம்மாள் ஒரு ஃப்ராவ் ஒனென். வெளியே எட்டுப் பேர் ஏறக்கூடிய சின்னப் பிளேன். கோடையில் கப்பல் ஓடும்போது அதை ஆரும் பெரிதாக எண்ணமாட்டார்கள். ஆனால் இது தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி. கடல் உறைந்து கப்பல் நின்றுபோய்விட்டது. தபாலுக்கும் பாணுக்கும் நோயாளிக்கும் அந்தப் பிளேனை விட்டால் வேறு கதியில்லை.

"நேற்று வந்து காலைப் பிளேனில் ஓர் இடம் கேட்டேன். நீங்கள் பென்சிலைக் கையில் எடுத்தீர்கள்" என்றான் ஜூலியன். ஹோட்டல் குசினியில் சமையல்காரரிடம் ஏச்சு வாங்கி வாங்கியே படித்த ஜெர்மன், எங்கள் ஆட்கள் வாயில் டொச்சு. கோபம் வந்தால் தடங்கலே இல்லாமல் வரும்.

"எடுத்தேன். உடனே நீங்கள் 'இஷ் கொம்ம வீடர்' என்றீர்கள். திரும்ப வருகிறேன் என்றால், யோசித்துவிட்டு வந்து சொல்லப்போகிறீர்கள் என்றுதானே பொருள். பென்சிலை வைத்துவிட்டேன். நீங்கள் வரவில்லை. இடம் போய்விட்டது."

ஜூலியனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காது இரண்டும் எரிந்தன. மன்னாரில் பிறந்த ஒருத்தன் ஒரு வாசலை விட்டு வெளிக்கிடும்போது வேறென்ன சொல்லுவான்? போறன் என்றா? போறன் என்று சொல்லிப் போகிறவன் திரும்பி வராதவன். தெரு முடக்குக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாலும் "போட்டு வாறன்"தான். அதைத்தான் நேற்று மரியாதையாக டொச்சில் சொன்னான். அந்த மரியாதைக்குக் கிடைத்த பரிசு இது.

"கேட்டியளே அண்ணை? வாறன் எண்டு சொன்னது குற்றமாம்."

லோறன்ஸ் அண்ணை அதே குசினியில் சட்டி கழுவுகிறவர். ஜூலியனின் பெட்டியைக் கைவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார். "உன்னை ஆர் அதை மொழிபெயர்க்கச் சொன்னது? எங்கட ஆக்களுக்கு வாறன், இவையளிட்டை விடைபெற ச்சூஸ். இவ்வளவு காலம் இருந்தும் உனக்கு ஒரு ச்சூஸ் சொல்ல ஏலாமக் கிடக்கு."

"பகிடிக்கு நேரமில்லை அண்ணை."

உண்மையிலேயே நேரமில்லை. அவன் மனைவி கொறற்றி, ஹம் என்கிற தூரத்து நகரத்தில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டு தனியே இருந்தாள். அவளுக்கு நாள் நெருங்கிவிட்டதென்றுதான் நேற்றே இடம் கேட்டான். இன்று காலையில் பக்கத்து வீட்டு ரஞ்சினி அக்கா ஹோட்டலுக்குப் போன் எடுத்தாள். "தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுது. ஆஸ்பத்திரியில விட்டிட்டு வந்து கதைக்கிறன். வெளிக்கிடு" என்றாள். முதல் பிள்ளை தங்கவில்லை. அது போன அன்றும் ஜூலியன் இந்தத் தீவில் கிழங்கு உரித்துக்கொண்டுதான் நின்றான். இந்த முறையும் அவளைத் தனியே விட்டால் அவள் முகத்தில் எப்படி முழிக்கிறது?

"அடுத்த பிளேன்?"

"மத்தியானத்துக்குப் பிறகு பனிப்புகார் மூடிவிடும். இன்றைக்கு இதுதான் கடைசி."

சுவரோரம் ஒரு சீமாட்டி இருந்தாள். அவளுக்குப் பக்கத்துக் கதிரையில், ஆம், கதிரையில், கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய். கழுத்தில் பட்டுத்துணி. ஜூலியன் பிளேனுக்குக் காத்திருந்த ஆட்களை எண்ணினான். ஏழு பேர். திரும்ப எண்ணினான். ஏழுதான்.

"எட்டாவது ஆள் எங்கே?"

ஃப்ராவ் ஒனென் பென்சிலால் நாயைக் காட்டினாள். "முறைப்படி பதிவு செய்யப்பட்டிருக்கிறது."

ஜூலியன் லோறன்ஸ் அண்ணையிடம் திரும்பினான். "அண்ணை, நாய்க்குச் சீற் இருக்காம். எனக்கில்லையாம். இது என்னெண்டு பதிஞ்சது? குலைச்சோ?"

"குலைச்சாலும் தெளிவாக் குலைச்சிருக்கும். உன்னை மாதிரி வாறன் எண்டு சொல்லியிராது."

ஜூலியன் சிரிக்கவில்லை. கொட்டிலில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "என் மனைவிக்கு இப்போது பிள்ளை பிறக்கிறது. இப்போது. நான் இங்கே ஒரு நாயோடு இடத்துக்குச் சண்டை பிடிக்கிறேன்."

ஆளாளுக்குத் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த விமானி மட்டும் அவனைப் பார்த்தான்.

"தராசில் ஏறு" என்றான்.

ஏறினான். பிறகு நாயையும் ஏற்றினார்கள். நாய் ஜூலியனை வென்றது. லோறன்ஸ் அண்ணை சிரிப்பை மறைக்க முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். விமானி மனதுக்குள் கணக்குப் பார்த்தான். "தபால் சாக்குகள் நிற்கட்டும். உன் பெட்டியும் நிற்கட்டும். நாய் கீழே படுக்கும்."

"கீழே படுத்தால் அவன் பயப்படுவான்" என்றாள் சீமாட்டி.

"இந்த ஆள் போகிற காரியத்தை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள், அம்மையார்" என்றுவிட்டு விமானி வெளியே போனான்.

ஃப்ராவ் ஒனென் பெயரை எழுதினாள். ஒரு மன்னிப்பு? மூச்சு விடவில்லை. "அடுத்த முறை தெளிவாகப் பேசப் பழகுங்கள்" என்றாள்.

அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. தெளிவாகவா? சரி, தெளிவாகவே சொல்லுகிறேன் என்று கதவைத் திறந்தபடி, ஒவ்வொரு எழுத்தையும் கடித்துச் சொன்னான்: "இஷ் கேயெ." நான் போகிறேன்.

லோறன்ஸ் அண்ணையின் முகத்திலிருந்த பகிடி அப்படியே வழிந்துபோனது. பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டு, வேலிவரைக்கும் கூடவே வந்தார்.

"டேய், என்ன சொல்லிப்போட்டு வாறாய்?"

"டொச்சில தானே அண்ணை."

"மாதாவுக்கு டொச்சு விளங்காதோ? பிள்ளை பிறக்கிற இடத்துக்குப் போறவன் சொல்லுற சொல்லே இது?"

பிளேனின் விசிறி சுற்றத் தொடங்கியிருந்தது. ஜூலியன் ஏணியில் ஒரு காலை வைத்தான். உள்ளே இருக்கையின் கீழிருந்து நாய் அவனை முறைத்தது. வைத்த கால் மேலே போகமாட்டேன் என்றது. முதல் பிள்ளையின் நினைப்பு நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்தது. அந்த ஃப்ராவ் ஒனெனுக்காக நானா இறங்குவது என்று பல்லைக் கடித்தான். பிறகு இறங்கினான். விமானி கத்தக் கத்தக் கொட்டிலுக்கு ஓடினான்.

கதவைத் தள்ளி, மூச்சிரைக்க, மேசைக்கு மேலால் குனிந்து சொன்னான்: "இஷ் கொம்ம வீடர்."

ஃப்ராவ் ஒனென் நிமிர்ந்தாள். பென்சிலை எடுத்தாள்.

"எந்த நாள்?"

அவனுக்கு வாயில் வந்தது வேறு. விழுங்கிக்கொண்டான்.

"நாளைக்குப் போன் பண்ணிச் சொல்லுவேன். மூன்று இடம் எழுதுங்கள். எனக்கு, என் மனைவிக்கு, பிள்ளைக்கு."

"கைக்குழந்தைக்கு இடம் தேவையில்லை. மடியில் வைக்கலாம்."

"நாய் மடியில் வருகிறதா? என் பிள்ளைக்கும் ஒரு சீற். எழுதுங்கள்."

அவள் எழுதி முடிக்கும்வரை அவன் அந்தப் பென்சிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகுதான் பிளேனுக்கு ஓடினான்.