பாடத்துக்கு முன் ஒரு பீரியட்

ஜனவரி மூடுபனியில் முனிர்காவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, ஆறரைக்கே காந்திமதி பள்ளிக்கு வந்துவிட்டாள். விரல்கள் விறைத்துச் சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது. தோள் வலிக்க வலிக்க இதயத்தின் நான்கு அறைகளையும் கரும்பலகையில் வரைந்து முடித்தாள். தெற்கு டெல்லியின் அந்தத் தனியார் பள்ளியில் பன்னிரண்டு வருஷமாக அவள் ஒப்பந்த ஆசிரியை.

முதல் பீரியடில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆரவாரம் கேட்டது. போன வருஷம் சேர்ந்த ஜ்யோத்ஸ்னா, துடிக்கும் இதயத்தை இணையத்திலிருந்து திரையில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மேம், நமக்கு வீடியோ இல்லையா?" என்றாள் ஒரு மாணவி. காந்திமதிக்கு வயிறு எரிந்தது.

சட்டென்று அந்த ஆரவாரம் கூச்சலாக மாறியது. வீடியோ முடிந்ததும் திரையில் வேறு படங்கள் தாமாகவே வரிசையாக வந்து விழுந்தன. அதில் ஒன்று பிள்ளைகள் பார்க்கக்கூடாதது. ஜ்யோத்ஸ்னா ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினாள். மதியத்துக்குள் பெற்றோர்கள் ஆபீஸில் கூடிவிட்டார்கள்.

அவர்கள் போனதும் மேனேஜர் சேஷன் காந்திமதியைக் கூப்பிட்டார்.

"ஜ்யோத்ஸ்னா அலட்சியமா இருந்தாள்னு எழுதிக் குடுங்க. நாளையிலேர்ந்து அவ வரமாட்டா, ப்ரொஜெக்டர் உங்களுக்கு."

காந்திமதி பேனாவை வாங்கினாள். ஜ்யோத்ஸ்னாவின் பெயரை எழுதும்போது மனசுக்கு இதமாகக்கூட இருந்தது.

"நானும் தினம் ஒரு புது வீடியோ போடணுமா சார்?"

"ஆமாம்."

"முன்னாடியே முழுசாப் பார்த்து வைக்க நேரம்?"

"அதெல்லாம் கிடையாது."

பேனாவைக் கீழே வைத்தாள்.

"இதையேதான் அவ நவம்பர்ல எழுதிக் கேட்டா. பார்த்து, டவுன்லோட் பண்ணி வைக்க ஒரு பீரியட் வேணும், கம்ப்யூட்டர்ல ஃபில்டர் போடணும்னு. நீங்க முடியாதுன்னீங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"மார்ச்ல உங்க காண்ட்ராக்ட் முடியுது."

"தெரியும் சார்."

ஆசிரியர் அறையில் ஜ்யோத்ஸ்னா கண்ணைத் துடைத்தபடி பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். காந்திமதி எல்லார் முன்பும் நடந்ததைச் சொன்னாள்.

"நவம்பர்ல உனக்கு அந்த பீரியட் இல்லேன்னு அவர் சொன்னப்போ எனக்கு சந்தோஷமா இருந்துது, ஜ்யோத்ஸ்னா. அதையும் சொல்லிடறேன்."

கணக்கு வாத்தியார் அய்யாசாமி ஒரு தாளை இழுத்தார். "நாளைக்கு எனக்கும் வீடியோ கிளாஸ் இருக்கும்மா. எழுதுங்க."

பார்த்து வைக்க ஒரு பீரியட், ஃபில்டர், ஜ்யோத்ஸ்னாவுக்குத் திரும்ப வேலை என்று மூன்றையும் கேட்டுக் காந்திமதி எழுதினாள். பதினோரு கையெழுத்து விழுந்தது. பள்ளி விட்டதும் மேனேஜர் அறை வாசலில் போய் நின்றார்கள். கதவு திறக்கவில்லை. கலைந்து போகாவிட்டால் எல்லார் வேலையும் போகும் என்று பியூன் வந்து சொன்னார்.

"எனக்காகவா மேம்?" என்றாள் ஜ்யோத்ஸ்னா மெதுவாக.

அவள் மேல் இருந்த பொறாமை இன்னும் போகவில்லை. காந்திமதி அவளை ஒட்டி நின்றாள்.

"உனக்காக மட்டும் இல்ல. நாளைக்கு அந்த வீடியோ பட்டனை அமுக்கப்போறது நாங்க."

மாடிப்படியில் காலடி கேட்டது. தொடக்க வகுப்பு ஆசிரியைகள் இருவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்தார்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று ஹிந்தியில் கேட்டார்கள்.

அய்யாசாமி நகர்ந்து இடம் விட்டார்.