மைதானத்துக்கு முதுகு

விடிந்ததும் விடியாததுமாகப் பொனிரா அக்காவின் காப்பிக் கடையில் சண்டை ஆரம்பித்துவிட்டது. ஆட்டம் என்னவோ சாயங்காலம்தான். ஆனால் தஞ்சோங்வாரு ஊர்க்காரர்களுக்குப் பந்து உருளும்வரை பொறுக்கிற பொறுமை எந்தக் காலத்தில் இருந்தது? ஆறு ஆட்டமாக அணி ஜெயிக்கவில்லை. பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். கோச் ஹரியாதியை இன்றைக்கே ஊரைவிட்டு அனுப்புவதா, இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பார்ப்பதா என்பதுதான் பஞ்சாயத்து.

தாகிம் மூலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். காப்பி ஆறிப்போய் மேலே ஆடை கட்டிவிட்டது. கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அவனுக்கு முன்னால் ஹரியாதியைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு மாதம் முன்புவரை இவர்களுக்குத் தைரியம் கிடையாது. ஹரியாதி அவன் தங்கை விவிக்கின் புருஷன். இப்போது அந்தக் கூச்சமெல்லாம் காற்றில் போய்விட்டது.

"ஒத்தை ஆளை முன்னாடி நிறுத்திட்டு மீதிப் பேரை எல்லாம் கோலுக்குப் பக்கத்துல குவிச்சா எப்படிடா கோல் விழும்? ஆட்டமா ஆடுறான், பாடை கட்டுறான்!" என்றான் ஜலால். மீன் ஏலக்கடையில் கத்திக் கத்திப் பழகின தொண்டை. மெதுவாகப் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும்.

"நல்லா ஆடிட்டிருந்த ரெண்டு பேரையும் கிளப்புத் தலைவர் வெளியூருக்கு வித்துட்டாரு. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?" என்றான் மேளக்காரன் பசூக்கி.

"போன கோச்சுக்கும் இதையேதான் சொன்ன. அதுக்கு முந்தினவனுக்கும் இதையேதான் சொன்ன. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதை!" என்று ஜலால் மடக்கினான்.

பொனிரா அக்கா எண்ணெயிலிருந்து தெம்பே என்கிற சோயா வறுவலை அள்ளித் தட்டில் போட்டாள். "நான் அடுப்பு மாத்துனதைவிட நீங்க கோச் மாத்துனது ஜாஸ்தி. என் அடுப்பாவது எரியுது. ஏண்டா, அந்த மனுசனும் பிள்ளகுட்டிக்காரன்தானே?"

"யக்கா, நீ காப்பி போடு. பந்து எங்க விவகாரம்."

"ஆமா, உங்க விவகாரம் பெரிய விவகாரம். காப்பிக்கு மட்டும் நான் வேணும்."

எல்லாரும் சிரித்தார்கள். தாகிமுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹரியாதிக்கு இந்த வேலை போனால் அடுத்த இடம் தயாராக இருந்தது. கலிமந்தானில் ஒரு சுரங்கக் கம்பெனி அணி. கப்பல் ஏறி, அதற்கப்புறம் படகில் ஆற்றை எதிர்த்துப் போகவேண்டிய ஊர். விவிக்கும் இரண்டு பிள்ளைகளும் கூடப் போய்விடுவார்கள். அப்பா அம்மா போனபின் அவன் தூக்கி வளர்த்த தங்கை. கல்யாணம் கட்டிக்கொள்ளாமல் நின்றுவிட்டவனுக்கு அடுத்த வீட்டுச் சமையல்கட்டுச் சத்தம்தான் குடும்பம். அந்தச் சத்தம் நின்றுபோனால் அவனுக்கென்று யார் இருக்கிறார்கள்?

"என்ன காங், வாயில கொழுக்கட்டையா?" ஜலால் அவன் பக்கம் திரும்பினான். காங் என்றால் அண்ணன். ஊரே தாகிமை அப்படித்தான் கூப்பிடும். "இன்னிக்கு 'ஹரியாதி அவுட்' போடணும்னு கிழக்கு ஸ்டாண்டு மொத்தமும் சொல்லுது. நீ எடுத்துக் கொடுத்தாத்தானே பாட்டு? எடுப்பியா, மாட்டியா?"

"ஆட்டத்தைப் பாருங்கடா முதல்ல."

"பாக்குறதா? யாரு, நீயா? இத்தனை வருசத்துல ஒரு ஆட்டமாவது நீ பாத்திருக்கியா காங்? முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறவனுக்கு முன்னாடி நடக்குறது என்ன தெரியும்? உனக்குத் தெரிஞ்சதெல்லாம் தங்கச்சி வீட்டுக் குழம்பு ருசிதான்."

சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் பாதி நிஜம். கிழக்கு ஸ்டாண்டில் வேலியோடு ஒட்டி ஓர் இரும்பு மேடை உண்டு. பாட்டு எடுத்துக் கொடுக்கிறவன் அதன்மேல் ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்கவேண்டும். கடைசி விசில் ஊதும்வரை திரும்பக் கூடாது. ஒரு தடவை திரும்பிவிட்டாலும் போதும், ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டியதுதான். தலைவனே பாட்டை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தால் மற்றவன் எதற்குத் தொண்டை கிழிய வேண்டும் என்பது இவர்கள் நியாயம். இவனுக்கு முன்னால் இருந்தவன் ஒரு பெனால்டிக்கு ஆசைப்பட்டுத் திரும்பினான். இன்றைக்குவரை அவனுக்கு 'திருப்பி' என்றுதான் பெயர். தாகிம் ஒருநாளும் திரும்பியதில்லை. முகங்களைப் பார்த்தே ஆட்டத்தைச் சொல்லிவிடுவான். அதில் அவனுக்கு ஊர் அறிந்த கர்வம்.

ரோஷம் வந்தால் இவனுக்கு நாக்கு முந்திக்கொள்ளும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"டேய், கேட்டுக்கோ!" எழுந்து நின்றான். "மேடையில எனக்குத் தங்கச்சியும் கிடையாது, மாப்பிள்ளையும் கிடையாது. இன்னிக்கு முதல் கோல் நம்ம வலையில விழட்டும். இந்த வாயாலயே நான் போடுறேன். போதுமா?"

"வல்லாஹி? அல்லா மேல ஆணையா?"

"வல்லாஹி!"

ஜலால் ஒரு வறுவலை எடுத்துக் கடித்தான். பொனிரா அக்கா, "அட கிறுக்குப் பயலே" என்று முணுமுணுத்தாள்.

சொன்ன நிமிஷத்திலிருந்து அவனுக்கு நிலை கொள்ளவில்லை. வீட்டுக்குப் போனான், வாசலிலேயே திரும்பினான், மீன் குட்டை வரப்பில் நடந்தான், மறுபடி வந்தான். விவிக் சோற்று டப்பாவோடு காத்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் உள்ள நாளில் அண்ணனுக்குச் சோறும் பொரித்த பண்டெங் மீனும் கட்டிக் கொடுப்பது அவள் வழக்கம்.

"முகமே சரியில்ல. ராத்திரி தூங்கலியா?"

"தூங்கினேன், தூங்கினேன்."

"அவரும் தூங்கல. ஆனா தைரியமாத்தான் இருக்காரு. என்ன சொன்னாரு தெரியுமா? 'மைதானக் கோட்டுக்கிட்ட நின்னா மொத்தக் கூட்டத்துலயும் எனக்குத் தனியா ஒரு குரல்தான் கேக்கும். உங்க அண்ணன் குரல். அது பாடிக்கிட்டிருக்கிறவரைக்கும் என்னை யாரும் அசைக்க முடியாது'ன்னாரு." சிரித்தாள். "நல்லாக் கத்து, என்ன?"

தாகிம் டப்பாவை வாங்கிக்கொண்டு ஓடாத குறையாக நடந்தான். யா அல்லா, ஒரே ஒரு கோல் விழாமல் பார்த்துக்கொள். உனக்கு அது ஒரு வேலையா?

முதல் பாதியில் கோல் இல்லை. அவன் பாடினான், கைகளை வீசினான், கூட்டத்தைக் குதிக்கவைத்தான். கண் மட்டும் ஒவ்வொரு முகமாகத் தாவிக்கொண்டிருந்தது. முகம் சுருங்கினால் பாட்டில் அடி தவறியது. முகம் விரிந்தால் மூச்சு வந்தது. இப்படி ஒரு நாளும் அவனுக்கு இருந்ததில்லை. இடைவேளையில் டப்பாவைத் திறக்கவில்லை. தண்ணீர்கூட இறங்கவில்லை.

இரண்டாவது பாதி பாதிக்குமேல் ஓடியிருக்கும். திடீரென்று முகங்கள் எல்லாம் ஒன்றாக உறைந்தன. கண்கள் பெரிதாயின. அப்புறம் ஓர் "ஐயோ" எழுந்தது. ஆயிரம் வாயிலிருந்து ஒரே ஐயோ. ஒவ்வொருவனும் இரண்டு கையையும் தலையில் வைத்தான். ஒரு கிழவர் அப்படியே குந்திவிட்டார். ஜலால் வேலிக் கம்பியில் நெற்றியை மோதிக்கொண்டான். பசூக்கி மேளத்தை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தான்.

விழுந்துவிட்டது. வேறென்ன? எதிரணி ஆட்கள் சத்தம் போட்டால் தெரியும் என்றால், அடிதடிக்குப் பயந்து வெளியூர் ரசிகர்களை உள்ளே விடுவதில்லை என்று ஆகிப் பல காலம். இந்த ஊர் மைதானத்தில் கோல் வாங்கினால் ஐயோ மட்டும்தான் கேட்கும். ஸ்கோர் பலகை அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பினால் தெரிந்துவிடும். கழுத்து ஒரு விரற்கடை அசைந்தது. ஜலால் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தாகிம் திரும்பவில்லை. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். கண்ணை மூடிக்கொண்டு ஒலிபெருக்கியைத் தூக்கினான்.

"ஹரியாதி... அவுட்!"

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. சொந்த மச்சானே எடுத்துக் கொடுக்கிறான்! அப்புறம் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவனுக்கு அவல் கிடைத்த மாதிரி பிடித்துக்கொண்டது. "ஹரியாதி, அவுட்! ஹரியாதி, அவுட்!" கிழக்கு ஸ்டாண்டு பிடித்தது, வடக்கு பிடித்தது, குடையோடு உட்கார்ந்திருந்த மேற்குப் பக்கத்துப் பெரிய மனிதர்களும் கைதட்டிப் பிடித்தார்கள். பசூக்கி மட்டும் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலையை இல்லை இல்லை என்று ஆட்டினான். துக்கத்தில் ஆட்டுகிறான் என்று நினைத்த தாகிம் இன்னும் உரக்கக் கத்தினான். கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

எவ்வளவு நேரம் கத்தினார்களோ. நடுவில் சட்டென்று பாட்டு அறுந்தது. முகங்கள் மலர்ந்தன, வாய்கள் பிளந்தன, ஸ்டாண்டு முழுவதும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். யாரோ தாகிமின் காலைப் பிடித்து முத்தமிட்டான்.

தாகிம் குனிந்து பசூக்கியின் சட்டையைப் பிடித்தான். "சமம் ஆயிடுச்சாடா? ஒண்ணுக்கு ஒண்ணா?"

"என்ன சமம்? ஒண்ணுக்குச் சைபர்! நாம முன்னாடி இருக்கோம் காங்!"

"அப்போ முன்ன விழுந்தது?"

"எங்க விழுந்துச்சு? நம்ம ரிஸ்கி காலி கோலை வச்சுக்கிட்டு மேல தூக்கி அடிச்சான். கோல் கீப்பர்கூடக் கிடையாது, வெறும் வலை! கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல. அதான் தலையில கை வச்சோம். நீ என்னடான்னா அவுட் போட்ட. வேணாம் வேணாம்னு தலைய ஆட்டுனேனே, பாக்கலியா?"

கோல் வாங்கினால் ஒரு முகம், கோலைக் கோட்டைவிட்டால் ஒரு முகம் என்று இந்த மனிதர்களுக்கு ஆண்டவன் தனித்தனியாகக் கொடுக்கவில்லையே! இரண்டுக்கும் ஒரே கை, ஒரே தலை, ஒரே ஐயோ.

கடைசி விசில் ஊதியது. ஆறு ஆட்டத்துக்கப்புறம் வெற்றி. இப்போதுதான் அவன் திரும்பலாம். திரும்பினான். ஜெயித்தால் ஆட்டக்காரர்களும் கோச்சும் கிழக்கு ஸ்டாண்டுக்கு முன்னால் வரிசையாக நின்று ஊர்ப் பாட்டைக் கூடவே பாடுவார்கள். எல்லாரும் வந்தார்கள். ஹரியாதி வரிசையில் நிற்காமல் நேராக மேடைக்குக் கீழே வேலியோரம் வந்தான். அணிச் சட்டையைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தான்.

மேலே ஜலால் தொண்டையைத் திறந்தான். "ஹரியாதி, போகாதே! ஹரியாதி, போகாதே!" கூட்டமும் வெட்கமில்லாமல் கூடச் சேர்ந்தது. இந்த ஊர் வாய்க்கு மானம் ஏது, ரோஷம் ஏது!

"மாப்பிள்ளை, தப்பு நடந்துபோச்சு." தாகிம் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "கோல் விழுந்துடுச்சுன்னு நெனச்சுட்டேன். சத்தியமா. ரிஸ்கி வெளிய அடிச்சது எனக்குத் தெரியாது."

ஹரியாதி நிமிர்ந்து பார்த்தான். கோபமே இல்லை. அது இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"சரி காங். விழுந்திருந்தா?"

தாகிம் கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

"ஊர் கத்துனா காதுல போட்டுக்க மாட்டேன். ஊர் அப்படித்தான். வேலையை விடுறேன்னு தலைவர்கிட்ட இப்பவே சொல்லிட்டு வந்துட்டேன்." சட்டையை வேலிக் கம்பியில் போட்டுவிட்டு ஆட்டக்காரர்கள் உள்ளே போகிற வாசல் பக்கம் நடந்தான். 'போகாதே, போகாதே' என்று கூட்டம் கத்திக்கொண்டே இருந்தது. அவன் திரும்பவில்லை.

"காங், பாட்டு! எடுத்துக் குடு!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். தாகிம் ஒலிபெருக்கியை ஜலாலின் கையில் திணித்துவிட்டு மேடைப் படியில் உட்கார்ந்தான்.

கூட்டம் கலைந்து, வேர்க்கடலைத் தோலும் காகிதமுமாகக் கிடந்த ஸ்டாண்டில், ஆட்டம் பார்க்க வந்திருந்த விவிக் இறங்கி வந்தாள். அழுது முடித்த முகம். அவன் எழுந்திருக்கப் பார்த்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காலடியில் கிடந்த டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். கனத்தது.

"சாப்பிடவே இல்லையா?"

"விவிக், நான்..."

"பேசாதே. காலையிலயே பொனிரா அக்கா சொல்லிட்டாங்க. நீ போட மாட்டேன்னு அவங்ககிட்டப் பந்தயம் கட்டினேன்." டப்பாவைத் திறந்து அவன் மடியில் வைத்தாள். "சீக்கிரம் சாப்பிட்டுக் குடு. கழுவி, மத்த பாத்திரத்தோட கட்டி வைக்கணும்."